துளிர்த்த மரமெல்லாம் பிழைத்த மரமா?



"மரத்துல நம்பர் போட்டுட்டாங்க." ரோடு அகலப்படுத்தும் வேலை வருகிற ஊர்களில், குழுக் கூட்டத்தில் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. பட்டையைச் சீவி, பெயின்ட்டில் எண் எழுதிவிட்டால் அந்த மரத்துக்கு நாள் குறித்தாச்சு என்றுதான் அர்த்தம். அதன் நிழலில்தான் பஸ்ஸுக்கு நின்றிருப்போம். பூ விற்கிற அக்கா அங்கேதான் கூடையை வைத்திருப்பார். பல ஊர்களில் குழுவின் முதல் கூட்டமே ஒரு மரத்தடியில்தான் நடந்தது. அப்போது யாராவது ஒருத்தர் கேட்பார்: "வெட்டாம, வேரோட எடுத்து வேற இடத்துல நட முடியாதா? டி.வி.யில காட்டுனாங்களே?"

முடியும். ஆனால் டி.வி.யில் காட்டுவது கிரேன் தூக்குகிற ஒரு மணி நேரத்தை மட்டும். அதற்கு முன்னால் பல மாத வேலையும் பின்னால் இரண்டு வருட வேலையும் உண்டு. மரம் பிழைப்பதும் சாவதும் அந்த இரண்டில்தான் இருக்கிறது. பின்னால் வருகிற வேலை பெரும்பாலும் நம்மைப் போன்ற பெண்களின் தலையில்தான் வந்து விழும். அதனால்தான் இந்த இதழில் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் சென்னைக்குப் போவோம். அபிராமபுரம் என்று ஒரு பகுதி. ஒரு பக்கம் ஆழ்வார்பேட்டை, ஒரு பக்கம் மந்தைவெளி, தெற்கே ராஜா அண்ணாமலைபுரம், அதையும் தாண்டினால் அடையாறு ஆறு. பக்கத்திலேயே மயிலாப்பூர். பழைய வீடுகளும் நிழல் விழும் தெருக்களும் உள்ள பகுதி இது. 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது, காற்று மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேல் வீசியது. நகரம் முழுக்க ஆயிரக்கணக்கான மரங்கள் ஒரே நாளில் சாய்ந்தன. அந்த இழப்பு ஆறுவதற்குள் மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்ட வேலை வந்தது. இதற்கு 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். மொத்தம் 118.9 கிலோமீட்டர். அதில் மாதவரத்திலிருந்து சிப்காட் போகும் பாதை மயிலாப்பூர், மந்தைவெளி, பசுமைவழிச் சாலை வழியாகப் போகிறது. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி போகும் பாதை மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, நந்தனம் வழியாகப் போகிறது. அபிராமபுரம் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது.

ரயில் ஓடப்போவது பூமிக்கடியில்தானே, மேலே இருக்கிற மரத்துக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். நிலையம் கட்ட மேலிருந்துதான் குழி தோண்டுகிறார்கள். குழி தோண்டும் இடத்தில் மரம் இருந்தால் ஒன்று வெட்ட வேண்டும், இல்லை பெயர்த்து எடுக்க வேண்டும். சென்னை மெட்ரோவுக்காக நிறைய மரங்கள் வெட்டப்பட்டன. சிலவற்றை வேரோடு எடுத்து வேறு இடத்தில் நட்டார்கள். நம் ஊரில் ரோட்டுக்காக நடப்பதும் இதுவேதான். அதனால் சென்னைக் கதை என்று ஒதுக்க வேண்டாம்.

மரத்தின் வாய் எங்கே இருக்கிறது?

பெரிய மரத்துக்கு வேரும் அதே அளவு ஆழம் போகும் என்று நாம் நினைப்பது வழக்கம். ஆணிவேரும் தாங்கு வேர்களும் ஆழம் போகலாம்தான். ஆனால் தண்ணீரையும் சத்தையும் உறிஞ்சுவது முடி போன்ற சல்லி வேர்கள். அவற்றில் பெரும்பகுதி மேல்மண்ணில் இரண்டு அடிக்குள்தான் இருக்கும். அவை அடிமரத்துக்குப் பக்கத்திலும் இருக்காது. கிளைகளின் நிழல் விழும் வட்டத்தைத் தாண்டியும் பரவியிருக்கும். அதாவது மரத்தின் வாயெல்லாம் தூரத்தில் இருக்கிறது.

இப்போது ஜேசிபி வந்து அடிமரத்தைச் சுற்றித் தோண்டினால் என்ன ஆகும்? சாப்பிடுகிற வேரில் பத்தில் ஒன்பது பங்கு வெளியே நின்றுவிடும். மரத்தோடு வருவது வாயில்லாத அடிவேர்தான். மேலே அதே இலைகள், அதே வெயில், அதே தாகம். நாற்றைப் பிடுங்கி நட்டால் மறுநாள் தலை தொங்குவதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? மரத்துக்கும் அதேதான் நடக்கிறது. பெரிய உடம்பு என்பதால் தலை தொங்க நாளாகும், அவ்வளவே.

ஆகவே எவ்வளவு மண்ணோடு எடுக்கிறோம் என்பது முக்கியம். ஒரு கணக்கு சொல்கிறோம், குழுக் கூட்டத்திலேயே போட்டுப் பார்க்கலாம். மரத்தின் சுற்றளவை நம் நெஞ்சு உயரத்தில் கயிறு கட்டி அளந்து, அதை மூன்றால் வகுத்தால் விட்டம் வரும். விட்டத்தைப் போல எட்டு முதல் பத்து மடங்கு அகலத்துக்கு மண் உருண்டை வேண்டும். ஒரு அடி விட்டமுள்ள வேப்பமரம் என்றால் எட்டு அடி அகலம், மூன்று அடி ஆழம். அது சுமார் 150 கன அடி, அதாவது ஒன்றரை யூனிட் மண். ஈரமண் ஒரு கன அடி 45 முதல் 50 கிலோ வரும். மண் மட்டுமே ஏழு டன் போலப் போய்விடும்! அடிப்பக்கத்தைக் குறுக்கிச் செதுக்கினால் கொஞ்சம் குறையும். மரத்தின் எடை தனி. ஒரு டிராக்டரும் நாலு ஆளும் வந்து "பெயர்த்து வெச்சிடறோம்மா" என்று சொன்னால் நம்ப வேண்டாம் என்பதற்காகத்தான் இந்தக் கணக்கு.

வசந்தம் அங்கே, அக்னி இங்கே

குளிர் நாடுகளில் பெரிய மரங்களை வளர்த்து விற்கும் நாற்றங்கால்களுக்கு மார்ச் மாதம்தான் உச்சகட்ட வேலை. அங்கே குளிர்காலத்தில் மரங்கள் இலையெல்லாம் கொட்டிவிட்டுத் தூங்குகின்றன. மார்ச்சில் உறைந்த மண் இளகும். மொட்டு வெடிக்க இன்னும் சில வாரம் இருக்கும். அந்த இடைவெளியில் இரவு பகலாகத் தோண்டுகிறார்கள், சாக்கு சுற்றுகிறார்கள், லாரியில் ஏற்றுகிறார்கள். இலையில்லாத மரத்துக்குத் தாகம் குறைவு. நட்ட பிறகு இளவெயிலும் தூறலும் காத்திருக்கும். மொட்டு வெடிக்கும் நேரத்தில் மரம் புது இடத்தில் இருக்கும்.

நம் ஊரிலும் மாசி, பங்குனியில் அரசும் வேம்பும் இலை கொட்டித் துளிர்க்கின்றன. மயிலாப்பூரில் பங்குனிப் பெருவிழா நடக்கும் நாட்களில் சென்னைத் தெருக்களில் அரசந்தளிர் செம்பு நிறத்தில் மினுமினுக்கும். அதைப் பார்த்துவிட்டு, "அவங்க வசந்தத்துல நடறாங்க, நாமும் நடலாமே" என்று இறங்கினால் மரம் கெட்டது. அவர்களுக்கு வசந்தத்துக்குப் பிறகு வருவது இதமான வெயில். நமக்கு வருவது சித்திரையும் அக்னி நட்சத்திரமும். வேர் அறுபட்ட மரத்தைச் சித்திரை வெயிலில் நிறுத்துவது, பிள்ளை பெற்றவளை மறுநாளே களையெடுக்க அனுப்புகிற மாதிரி.

நமக்கு மழைதான் காலம். சென்னைக்கும் கிழக்கு மாவட்டங்களுக்கும் ஐப்பசி, கார்த்திகை மழை. ஆகவே புரட்டாசி வாக்கில் பெயர்த்து நட்டால், அடுத்த மூன்று மாதம் வானமே தண்ணீர் ஊற்றும். குமரி, தென்காசி போல ஆனி, ஆடியில் சாரல் பிடிக்கிற இடங்களில் அதற்கேற்ப முன்கூட்டியே செய்யலாம். ஆனால் அரசு வேலை பஞ்சாங்கம் பார்த்தா நடக்கிறது? நிதி ஆண்டு மார்ச்சில் முடிகிறது என்று அவசரம் அவசரமாக வேலை நடப்பதும் உண்டு. மரம் பெயர்ப்பதற்கு அதைவிட மோசமான காலம் கிடையாது.

அப்படியானால் இந்தப் பங்குனியில் என்னதான் செய்வது? புரட்டாசியில் எடுக்கப் போகும் மரத்துக்கு இப்போதே தயாரிப்பு நடந்து கொண்டிருக்க வேண்டும்.

வேருக்கும் தவணை

கடனை மொத்தமாக ஒரே நாளில் கட்டு என்றால் நாம் திணறிப் போவோம். தவணையாகக் கட்டச் சொன்னால் சமாளிப்போம். மரமும் அப்படித்தான். எடுக்க வேண்டிய மண் உருண்டையின் அளவை முதலில் தரையில் வட்டமாகக் குறித்துக் கொள்கிறார்கள். அந்த வட்டத்தில் பாதியை மட்டும் முதலில் பள்ளம் தோண்டி, குறுக்கே வரும் வேர்களைக் கூர்மையான ரம்பத்தால் வெட்டுகிறார்கள். கடப்பாரையால் நசுக்கக் கூடாது. நசுங்கிய வேர் அழுகும், சுத்தமாக வெட்டிய வேர் துளிர்க்கும். பிறகு அந்தப் பள்ளத்தில் மணலும் மக்கிய தொழு உரமும் கலந்த மண்ணைப் போட்டு மூடித் தண்ணீர் விட வேண்டும். வெட்டிய இடத்திலிருந்து புதிய சல்லி வேர்கள் கொத்தாக வரும். சில மாதம் கழித்து மற்ற பாதியையும் இதே போலச் செய்கிறார்கள்.

சென்னைப் பக்கத்து மழைக்கு நாம் சொல்லக் கூடியது இது: மழை ஓய்ந்து மண்ணில் ஈரம் இருக்கும் மார்கழி, தையில் முதல் பாதி. ஆடி மழை விழுந்ததும் இரண்டாவது பாதி. புரட்டாசிக் கடைசியில் எடுப்பது. பங்குனி, சித்திரை, வைகாசியில் அந்தப் பள்ளத்து மண் காயாமல் பார்த்துக் கொள்வது. இப்படிச் செய்தால் தூரத்தில் இருந்த வாயெல்லாம் உருண்டைக்குள்ளேயே வந்துவிடும். எடுக்கும்போது மரம் வாயோடு போகும்.

ஜப்பானியர்கள் இந்த வேலைக்கு 'நெமவாஷி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வேரைச் சுற்றி வருவது என்று பொருள். வேடிக்கை என்னவென்றால், ஒரு பெரிய முடிவு எடுப்பதற்கு முன் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்துப் பேசி ஒத்துக்கொள்ள வைப்பதற்கும் அவர்கள் அலுவலகங்களில் இதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். கூட்டமைப்புக் கூட்டத்துக்கு முதல் நாள் நம் ஊக்குநர்கள் வீடு வீடாகப் போய்ப் பேசுவார்களே, அதுவும் நெமவாஷிதான்!

மரத்தை வேர்மண்ணோடு எடுத்துப் போவது புதிய வித்தை ஒன்றும் இல்லை. ஏறத்தாழ 3,500 ஆண்டுகளுக்கு முன் எகிப்து நாட்டை ஆண்டவர் ஹட்செப்சுட் என்ற பெண். அவர் புண்ட் என்ற தூரதேசத்துக்குக் கப்பல் அனுப்பி, வாசனைப் பிசின் தரும் மரங்களைக் கொண்டுவரச் செய்தார். மரங்களைக் கூடையில் வைத்து, கம்பில் கட்டி ஆட்கள் தோளில் சுமந்து வரும் காட்சி அவர் எழுப்பிய கோயிலின் சுவரில் இன்றும் இருக்கிறது.

நம் பக்கத்து மாநிலமான ஆந்திராவில், ராஜமகேந்திரவரம் பக்கத்தில் கடியம் என்ற ஊர். அதைச் சுற்றி ஊருக்கு ஊர் நாற்றங்கால்தான். கோதாவரிக் கால்வாய்த் தண்ணீர், வண்டல் மண். பிடித்தால் கொழுக்கட்டை போல் நிற்கும் மண் அது. அங்கிருந்து பூச்செடி மட்டுமல்ல, வளர்ந்த மரங்களும் லாரியில் ஏறிப் பல மாநிலங்களுக்குப் போகின்றன. களையெடுப்பது, பை நிரப்புவது, தண்ணீர் பாய்ச்சுவது என்று ஏராளமான பெண்களுக்கு அங்கே வேலை. அடுக்குமாடி வீடு கட்டி முடித்த அன்றே வாசலில் இருபது அடி மரம் நிற்பது எப்படி என்று ஆச்சரியப்படுகிறோமே, அதெல்லாம் இப்படிப்பட்ட நாற்றங்கால்களில் வளர்ந்ததுதான். ஆனால் ஒரு வித்தியாசம். நாற்றங்கால் மரம் இடம் மாறுவதற்காகவே வளர்க்கப்படுகிறது. சிறு வயதிலிருந்தே பையில் வளர்த்தோ, அடிக்கடி வேரை வெட்டியோ, சல்லி வேரைப் பக்கத்திலேயே வைத்திருப்பார்கள். ரோட்டோரத்து மரம் தன் இஷ்டத்துக்கு வேர் விட்டது. "கடியத்து மரம் பிழைக்குதே, ரோட்டு மரம் ஏன் பிழைக்கலை?" என்ற கேள்விக்குப் பதில் இதுதான்.

எடுக்கிற நாள்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம், ஏனென்றால் இது இயந்திரக்காரர்கள் வேலை. முதல் நாளே மண்ணை நன்றாக நனைத்திருக்க வேண்டும், காய்ந்த மண் உதிர்ந்து போகும். கிளைகளைக் கழிப்பார்கள். இலை குறைந்தால் தாகம் குறையும் என்பது சரிதான். ஆனால் ஒரு இலைகூட இல்லாமல் மொட்டையடித்துத் தந்திக்கம்பம் போல ஆக்கிவிடுவது லாரிக்கும் கரண்டு கம்பிக்கும்தான் சௌகரியம், மரத்துக்கு அல்ல. ஆல், அரசு தாங்கும். மற்றவற்றுக்கு மூன்றில் ஒரு பங்கு கழித்தால் போதும். மண் உருண்டையை ஈரச் சாக்கால் சுற்றிச் சணல் கயிற்றால் இறுக்க வேண்டும். கிரேன் பெல்ட்டை உருண்டைக்கு அடியில் போட்டுத் தூக்க வேண்டும். அடிமரத்தில் சங்கிலி போட்டுத் தூக்கினால் பட்டை கழன்று விடும். பட்டைக்குள்தான் மரத்தின் உணவு ஓடுகிறது. புதுக்குழி அகலமாக இருக்கட்டும், ஆனால் முன்பு எந்த மட்டத்தில் நின்றதோ அதே மட்டத்தில் நிற்கட்டும். அடிமரத்தை மண்ணில் புதைக்கக் கூடாது. காற்றுக்கு ஆடாமல் மூன்று பக்கம் கயிறு கட்டி, கயிறு மரத்தில் படும் இடத்தில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்ற வேண்டும். வேர் பிடிப்பதற்குள் ரசாயன உரம் வேண்டவே வேண்டாம்.

துளிர் என்பது சேமிப்புப் பணம்

இப்போது முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம்.

புரட்டாசியில் நட்ட மரம் மாசி, பங்குனியில் துளிர் விடும். எல்லோருக்கும் சந்தோஷம். போட்டோ எடுப்பார்கள். "உயிர் பிடிச்சிடுச்சு" என்று சொல்லி, தண்ணீர் வண்டியை நிறுத்தி விடுவார்கள். வைகாசியில் போய்ப் பார்த்தால் மரம் சுள்ளியாக நிற்கும்.

ஏன் இப்படி? மரம் நல்ல காலத்தில் செய்த மாவுச்சத்தைத் தண்டிலும் வேரிலும் சேர்த்து வைத்திருக்கும். அது மரத்தின் சேமிப்புக் கணக்கு. வேர் புது மண்ணைப் பிடிக்காவிட்டாலும், அந்தச் சேமிப்பை எடுத்து மரம் ஒரு தடவை துளிர்த்து விடும். வெட்டிப் போட்ட முருங்கைக் கட்டைகூட வேலியோரத்தில் துளிர்ப்பதைப் பார்த்திருக்கிறோம். வரவு இல்லாமல் சேமிப்பிலிருந்தே செலவு செய்யும் வீடு எத்தனை நாள் ஓடும்? புது வேர் வந்து தண்ணீர் என்ற வரவு தொடங்கினால்தான் அந்தத் துளிர் நிலைக்கும். இல்லையென்றால் வெயில் ஏறியதும் சேமிப்பும் தீர்ந்து, துளிரும் கருகும். ஆகவே முதல் பங்குனித் துளிரை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. இரண்டு கோடை தாண்டட்டும்.

டெல்லியில் இதற்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. வேலைக்காகப் பாதிக்கப்படும் மரங்களில் 80 விழுக்காட்டை வெட்டாமல் இடம் மாற்ற வேண்டும், அவற்றில் 80 விழுக்காடு ஓராண்டுக்குப் பிறகும் உயிரோடு இருக்க வேண்டும் என்று டெல்லி அரசு 2020-இல் கொள்கை வகுத்தது. நல்ல கொள்கைதான். ஆனால் 2022-இல் அந்த அரசே உயர்நீதிமன்றத்தில் கொடுத்த கணக்கு என்ன தெரியுமா? முந்தைய மூன்று ஆண்டுகளில் இடம் மாற்றிய 16,461 மரங்களில் பிழைத்தது 5,487. மூன்றில் ஒன்று! தலைநகரத்தில், பணமும் இயந்திரமும் இருக்கும் இடத்தில் இந்த நிலை. "வெட்டவில்லை, இடம்தான் மாற்றினோம்" என்ற சொல்லைக் கேட்டதும் நாம் சமாதானமாகி விடக் கூடாது. மரம் நிற்கிற இடத்திலேயே நிற்க, ரோட்டை இரண்டு அடி வளைக்க முடியுமா என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

சரி, தண்ணீர்க் கணக்கைப் பார்ப்போம். ஒரு அடி விட்டமுள்ள மரத்துக்குக் கோடையில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பத்து குடமாவது வேண்டும். நூறு நாள் கோடை என்றால் 500 குடம். ஒரு மரத்துக்கு, ஒரு கோடைக்கு! பத்து மரம் என்றால் 5,000 குடம். கிரேனுக்கு வாடகை எஸ்டிமேட்டில் இருக்கும். லாரிக்கு இருக்கும். ஜேசிபிக்கு மணிக்கணக்கில் இருக்கும். இந்தக் குடத்துக்கு இருக்கிறதா? "பஞ்சாயத்து பாத்துக்கும்" என்று விட்டுவிட்டால், கடைசியில் மரத்து மேல் ஆசை இருக்கிற பெண்கள்தான் சும்மா சுமக்க வேண்டும், இல்லை மரம் சாக வேண்டும்.

தண்ணீர் விடுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சில அடையாளங்கள் உண்டு. நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டினால் உள்ளே பச்சை தெரிந்தால் அந்தக் கிளைக்கு உயிர் இருக்கிறது. இலை வாடி உதிர்ந்தால் பயப்பட வேண்டாம், மரம் தானாகவே சுமையைக் குறைக்கிறது. இலை காய்ந்து சருகாகி, உதிராமல் கிளையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தால்தான் கெட்ட அடையாளம், அந்தக் கிளை போய்விட்டது. அதிகத் தண்ணீரும் ஆபத்து. களிமண் நிலத்தில் குழி தொட்டி மாதிரி தண்ணீரைத் தேக்கி வேரை அழுக வைக்கும். ஒரு கம்பியை ஒரு முழம் குத்தி எடுத்துப் பார்த்து, மண் சேறாக ஒட்டினால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். அடியில் வட்டப்பாத்தி கட்டி, தென்னை மட்டை, வைக்கோல், சருகு போட்டு மூடாக்கு போட்டால் குடம் குறையும். ஆனால் மூடாக்கு அடிமரத்தைத் தொட வேண்டாம், கரையான் ஏறும்.

எந்த மரம் போகும், எது போகாது

ஆல், அரசு, அத்தி, இத்தி ஆகிய பால் மர வகைகள்தான் முதல் இடம். இவை கிளையை வெட்டி நட்டாலே வேர் விடக் கூடியவை. நம் பாட்டன்மார் கிரேன் இல்லாமலே மரம் மாற்றியது எப்படி? கை கனத்துக்கு, ஆள் உயரத்துக்கு மேல் ஆலம் போத்து வெட்டி, உச்சியில் சாணம் அப்பி மழைக்கு முன் நட்டார்கள். சாலையோர ஆலமரங்கள் பலவும் அப்படி வந்தவைதான். பூவரசும் போத்தில் வரும். எண் போட்ட ஆலமரத்தைக் காப்பாற்ற வழியே இல்லை என்றாலும், அதிலிருந்து பத்து போத்து எடுத்து நட்டால் அதே மரம்தான் வேறு இடத்தில் வளரும். இதற்குப் பெரிய செலவு இல்லை.

விழுதின் அருமைக்கு அபிராமபுரத்திலிருந்து ஆற்றைத் தாண்டினால் சாட்சி இருக்கிறது, பிரம்மஞான சபையின் அடையாறு ஆலமரம். 1989-இல் அதன் தாய்மரம் சாய்ந்து போனது. விழுதுகளே தூண்களாகி, மரத்தை இன்றைக்கும் வைத்திருக்கின்றன.

நடுத்தர வயது வேம்பு, புங்கம், பூவரசு ஆகியவை முன்தயாரிப்பு இருந்தால் பிழைக்கலாம். தென்னையும் தாங்கும். வயதான புளியும் மாவும் சிரமம். பனையை எடுத்து நடுவதைவிட நாலு கொட்டை போடுவது நல்லது. அடிமரம் பொந்து விழுந்திருந்தால் எந்த மரமானாலும் செலவு வீண்.

குழு என்ன செய்யலாம்

அரசு நிலத்து மரத்தை வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். இது 2021-க்குப் பிறகு தமிழ்நாட்டில் வந்த ஏற்பாடு. ஆகவே எண் போட்டதைப் பார்த்ததும் "அனுமதி வாங்கியாச்சா, எந்த மரத்துக்கெல்லாம்?" என்று எழுத்தில் கேட்கலாம். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

நம் கைக்குள் இருக்கும் இன்னொரு வேலை, வளர்ந்த கன்று. முப்பது வயது மரத்தைப் பெயர்ப்பது கஷ்டம், ஒரு சாண் கன்றை நட்டால் ஆடு மேய்ந்து விடும். நடுவில் இருக்கிறது ஆறேழு அடிக் கன்று. 100 நாள் வேலையில் நாற்றங்கால் வைத்த குழுக்களுக்கு இது கை பழகிய தொழில்தான். பெரிய பைக்கு மாற்றி இரண்டு வருடம் வளர்க்க வேண்டும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை பையை நகர்த்தி, அடியில் மண்ணுக்குள் இறங்கிய வேரை வெட்டி விட வேண்டும். பெரிய மரத்துக்குச் செய்யும் வேர் வெட்டின் சின்ன வடிவம் இது. பையிலேயே மறந்துபோய் விட்டால் வேர் பாம்பு மாதிரி சுருண்டு கொள்ளும். அதை அப்படியே நட்டால் பத்து வருடம் நன்றாகத்தான் வளரும். ஒரு புயலில் சாய்ந்துவிடும்.

விதை வேலையும் இப்போதே தொடங்குகிறது. மாசி, பங்குனியில் புளி. சித்திரை, வைகாசியில் புங்கம். ஆனி, ஆடியில் வேம்பு. வேப்பங்கொட்டையை மட்டும் எடுத்த சில நாட்களுக்குள் போட்டுவிட வேண்டும், சேர்த்து வைத்தால் முளைக்காது.

கிராமசபை மார்ச் 22 தண்ணீர் தினத்திலும் மே 1-ஆம் தேதியும் கூடுகிறது. எண் போட்ட மரம் உள்ள ஊர்ச் சகோதரிகள் தீர்மானத்தில் இவற்றைக் கேளுங்கள்: எந்தெந்த மரம் நிற்கும், எது இடம் மாறும் என்ற பட்டியல், வேர் வெட்டு தொடங்கும் மாதம், நடப்போகும் இடமும் அங்கே தண்ணீர் இருக்கிறதா என்பதும், இரண்டு கோடைக்கான தண்ணீர்க் கூலி எஸ்டிமேட்டிலேயே தனி வரியாக வந்து, தண்ணீர் விடும் குழுவின் வங்கிக் கணக்குக்கு மாதாமாதம் வர வேண்டும் என்பதும். மழைக்குப் பிறகு ஒரு முறை, ஒவ்வொரு கோடை முடிந்தும் ஒரு முறை மரங்களை எண்ணி, உயிரோடு இருப்பது எத்தனை என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். கணக்கு எழுத நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லையே!